கசக்கிப் பார்க்காத இலை

ஊத்துமடத்தில் அப்போது இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் மடத்தின் தலைமையில் இருந்த தவமணி, வயது நாற்பத்திரண்டு. இன்னொருவர் அவளுடைய சீடர் என்று சொல்லப்பட்ட தெய்வசிகாமணி; வயது அறுபத்தொன்பது. சொல்லப்பட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும். மனுஷன் ஒருநாளும் அப்படி ஒத்துக்கொண்டதில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் மடத்துக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெண் அங்கே சமையலுக்கு வந்தாள். "ஏ தவமணி, ரசத்துல உப்பு எங்கே போச்சு?" என்று அவர் எத்தனையோ நாள் அதட்டியிருக்கிறார். அதுவரை மடத்தை நடத்திவந்த பெரியவர் தம் கடைசிக் காலத்தில் மடத்துச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, ஐம்பது பேர் ஏறுகிற வண்டியில் நூறு பேரை அடைத்தவர் தெய்வசிகாமணி. ஒரு சமையல்காரிக்கு முன்னால் கைகட்டி நிற்க அவருக்கு மனசு வருமா? வரவில்லை.

யாராவது பக்கத்தில் இருந்தால் அவளை 'அம்மா' என்பார். யாரும் இல்லையென்றால் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டார். மடத்துக்கு ஆள் வருவது குறையக் குறைய, அவளைக் கூப்பிடுவதும் குறைந்து நின்றுபோயிற்று.

மதியம் அவள் அடுப்படியில் இரண்டு தட்டை அருகருகே வைப்பாள். அவர் வந்து தம் தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டில் படிக்குப் போய்விடுவார். கொட்டிலில் மாடு கிடையாது. காலிக் கொட்டிலைப் பார்த்தபடி சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

மாடு ஏன் இல்லை என்றால், அதற்கு உண்ணிச்செடியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அது பெரியவர் செய்த காரியம். அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இளவயதில் மலைச்சரிவில் ஒரு பங்களாத் தோட்டத்தில் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறார். மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து நின்றிருக்கிறது. அழகில் மயங்கி, இரண்டு குச்சி ஒடித்து வந்து மடத்து வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக நட்டார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு வாய் வைக்காது, வருஷம் பூரா பூ. "இதைவிட நல்ல சீடன் எனக்கு அமைய மாட்டான்னு நினைச்சேன்" என்பார்.

பத்து வருஷத்தில் அது மலையில் ஏறிவிட்டது. புல் இருந்த இடமெல்லாம் உண்ணிப் புதர். பசியில் அதைத் தின்ற மாடுகள் நோவு கண்டு படுத்தன; மடத்து மாடும் அப்படித்தான் போயிற்று. மாடு மேய்க்க வந்தவர்கள் வேறு பக்கம் போனார்கள். ஊற்றுக்குப் போகிற பாதை மூடிக்கொண்டது. அந்தப் பாதையில் தண்ணீருக்கு வந்த பெண்களும் வருவதை விட்டார்கள். பங்களாவும் இடிந்துபோயிற்று, செடி மட்டும் இருந்தது. அதனால் மடத்தில் யார் வந்து என்ன கேட்டாலும் பெரியவர் முதலில் உண்ணியைத் தோண்ட ஒரு மம்பட்டியைக் கொடுத்துவிடுவார்.

தெய்வசிகாமணி வந்ததும் அப்படித்தான். பெண்சாதி போய்ச் சேர்ந்தாள், பிள்ளை கிடையாது, வேலையும் முடிந்தது. பிறந்ததிலிருந்து கூட்டத்துக்குள் இருந்தவருக்கு, திடீரென்று வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"மனசு கிடந்து அடிக்குது சாமி. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"அந்தச் சரிவுல உண்ணி கிடக்கு. அதை எடு" என்றார் பெரியவர்.

மம்பட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு ஏழே நாளில் சரிவு முழுக்க வெட்டித் தள்ளினார். பெரியவர் வந்து பார்த்தார். முழங்கால் உயரத்துக்குக் கட்டை கட்டையாக நின்றது.

"யாருக்கு முடி வெட்டிட்டு வந்திருக்கே?" என்றார்.

மழை பெய்தது. ஒரு கட்டைக்குப் பத்துக் கிளை வந்தது. தெய்வசிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் பெரியவர் செய்து காட்டினார். மண்ணுக்குக் கீழே நாலு விரல் தோண்டி, தண்டும் வேரும் சேருகிற முடிச்சுக்கும் அடியில் ஒரே வெட்டு. பிறகு புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கப் பாறைமேல் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணில் போட்டால் படுத்த இடத்திலேயே வேர் பிடித்துக்கொள்ளும். பிடுங்கிய குழியில் புல்விதை தூவ வேண்டும். "வெறும் மண்ணை விட்டுட்டு வராதே. நீ எதையாவது போடலைன்னா அது தானா எதையாவது போட்டுக்கும்" என்றார்.

அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். தண்டைத் தடவு, நாலு மூலை இருக்கும். இலை எதிரெதிரே வரும். தொட்டால் மாட்டு நாக்கு மாதிரி சொரசொரப்பு. ஆனால் கன்றாக இருக்கும்போது வேறு நல்ல செடிகளும் அதே மாதிரிதான் இருக்கும், கண் ஏமாந்துவிடும்.

"அப்ப எப்படிச் சாமி தெரியும்?"

"ஒரு இலையைக் கசக்கி மோந்து பாரு. அந்த வாடை பொய் சொல்லாது."

"பூ வந்தாத் தெரிஞ்சிருமே."

"பூ வந்தா யாருக்குத்தான் தெரியாது?" என்றார் பெரியவர்.

ஒன்பது வருஷம் தெய்வசிகாமணி அந்த வேலையைச் செய்தார். நூறு செடிக்கு நடுவில் உண்ணிக்கன்று எங்கே நிற்கிறது என்று நடந்துகொண்டே சொல்லுவார். குனிந்து பார்க்கக்கூட வேண்டாம், கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். ஊற்றுக்குப் பாதை திறந்தது. பெரியவர், "உண்ணி விஷயத்துல சிகாமணிதான் எனக்கே வாத்தியார்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அவர் காத்திருந்தது அதற்கு இல்லை.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர் தமக்குத் தோன்றுகிற ஒருநாளில் சீடனைக் கூப்பிட்டு, அவனுக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார். அதுதான் உபதேசம். கேட்டவர் அதை வெளியே சொல்வதில்லை. தவமணிக்கு நாலாம் வருஷமே கிடைத்தது. அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது பெரியவரே ஆட்டுக்கல்லடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நேற்று வந்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. தெய்வசிகாமணி கேட்டபோதெல்லாம், "உனக்கு அப்புறம்" என்பார். அந்த 'அப்புறம்' ஒன்பது வருஷம் ஆயிற்று.

ஓர் ஆடி மாதம் பெரியவர் படுத்தார். நாலாம் நாள் காலையில் தெய்வசிகாமணி கட்டிலோரம் போய் நின்றார். இன்றைக்காவது சொல்ல மாட்டாரா என்று.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "சாரல் நல்லாப் பெஞ்சிருக்கு. ஊத்துப் பாதையில கன்னு முளைச்சிருக்கும். பிடுங்கிட்டு வா."

"இன்னைக்கே போகணுமா சாமி?"

"மண்ணு இளகி இருக்கும்போதுதான் வேரோட வரும்."

போனார். மதியம் திரும்பும்போது மடத்து வாசலில் தவமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பெரியவர் போயிட்டாங்க அண்ணாச்சி" என்றாள். "கஞ்சி கொண்டு போனேன். சிகாமணி வந்தாச்சான்னு கேட்டாங்க. இன்னும் வரலைன்னேன். 'கையைக் கழுவிட்டு வரச் சொல்லு, சேந்து சாப்பிடுவோம்'னாங்க. கஞ்சியை மூடி வைக்கச் சொல்லிட்டுக் கண்ணை மூடினாங்க. அப்புறம் திறக்கலை."

"அது கிடக்கட்டும். எனக்குன்னு ஏதாவது சொன்னாரா?"

தவமணி அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஒன்றும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். கையில் உண்ணி வாடையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார்.

பெரியவரை மடத்துக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் அடக்கம் செய்து, மேலே மண்ணைக் குவித்து, சுற்றிக் கல் வைத்தார்கள். இன்னும் நாலு சீடர்கள் இருந்தார்கள். முதல் வருஷக் குருபூஜை முடிந்ததும் ஒருவர் திருவண்ணாமலைக்குப் போனார், ஒருவர் மகள் வீட்டுக்குப் போனார், மற்ற இருவர் சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போனார்கள். தெய்வசிகாமணிக்குப் போக ஓர் இடம் இருந்திருந்தால் அவரும் போயிருப்பார்.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் காலை, சமாதியைப் பெருக்கப் போனவர் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார்.

சமாதி மேட்டில், சரியாகப் பெரியவரின் நெஞ்சுக்கு நேரே, ஒரு கன்று முளைத்திருந்தது. இரண்டிரண்டாய் நாலு இலை. நாலு மூலையோடு சின்னத் தண்டு.

துளசி!

யாரும் விதைக்கவில்லை, யாரும் நடவில்லை. ஒன்பது வருஷம் 'அப்புறம்' 'அப்புறம்' என்றவர் மண்ணுக்குள்ளிருந்து சொல்லியே விட்டார். தெய்வசிகாமணி அந்த இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அன்றே ஊற்றுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சின்னச் சின்னக் கூழாங்கல்லாகப் பொறுக்கிச் சுற்றி வட்டம் வைத்தார். தவமணி வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று பார்த்தாள்.

"துளசி" என்றார் அவர். அவளோடு பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அவள் செடியைப் பார்த்தாள். அண்ணாந்து பூவரசங்கிளையைப் பார்த்தாள். அங்கே, காட்டுப்பழம் தின்று திரிகிற ஒரு கொண்டைக்குருவி வாலைத் தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது.

"கசக்கிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

அவருக்குச் சுரீரென்றது. "சாமி நெஞ்சுல முளைச்சதைக் கசக்கச் சொல்லுதியா?"

"சரி" என்றாள் அவள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொறாமை என்று அவர் நினைத்துக்கொண்டார். இருக்காதா பின்னே? அவளுக்கு ஆட்டுக்கல்லில் வைத்துச் சொன்னார்; எனக்குச் சமாதியிலிருந்தே முளைத்து வந்திருக்கிறார்.

அன்றிலிருந்து அவருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. காலையும் மாலையும் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மலைமேல் பனி இறங்கியிருக்கிறது என்பார். கடையம் வண்டியில் ஒருதரம் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்ததே, அந்தக் கதையைச் சொல்லுவார். பெண்சாதி வைக்கிற புளிக்குழம்பைப் பற்றிச் சொல்லுவார். சொல்லிவிட்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுப்பார். இலை ஆடினால் சந்தோஷம். காற்று இல்லாத நாளில் மனுஷனுக்கு முகம் வாடிவிடும்.

தை மாதம் செடி முழ உயரம் வந்தது. இலை அகலமாகி, தொட்டால் சொரசொரத்தது. ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது புறங்கையில் இலை உரசிற்று. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். 

"காட்டுத் துளசி" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "மலையில முளைக்கிறது கொஞ்சம் முரடாத்தான் இருக்கும்."

அதே மாதம்தான் சரிவில் அவர் இருநூறு முந்நூறு உண்ணிக்கன்று பிடுங்கினார். ஒன்றைக்கூடக் கசக்கிப் பார்க்கத் தேவை வரவில்லை. வேடிக்கையைப் பாருங்கள்.

சித்திரையில் ஒரு விடியற்காலை, செடியின் கணுவில் அரிசி அரிசியாக மொட்டுக் கூட்டம் வந்திருந்தது. தெய்வசிகாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மொட்டைக் கிள்ளி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தூரத்தில் போய் எறிந்தார்.

விரலில் வாடை ஏறிவிட்டது. அவர் முகர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்து பார்த்தால்தானே தெரியும்? சாம்பலைப் போட்டுத் தேய்த்தார், புளியைப் போட்டுத் தேய்த்தார். மறுநாள் இன்னொரு கணுவில் மொட்டு. அதையும் கிள்ளினார். வைகாசியில் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து, தடவித் தடவிக் கிள்ளுவது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. செடியோடு பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தாலும், இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் இருக்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் மதியம் அவர் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் அரை எலுமிச்சை இருந்தது.

"இது எதுக்கு?"

"கைக்கு" என்றாள் தவமணி.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டில் படிக்குப் போனார். எலுமிச்சையைத் தொடவில்லை. சோறும் அன்றைக்குச் செல்லவில்லை.

ஆடி வந்தது, இரண்டாம் வருஷக் குருபூஜையும் வந்தது. தெய்வசிகாமணி முன்பே போன சீடர்கள் நாலு பேருக்கும் கார்டு போட்டிருந்தார். செடி சின்னதாக இருந்த காலத்தில் போட்ட கார்டு. 'பெரியவர் எனக்குக் காட்சி கொடுத்திருக்கிறார். குருபூஜைக்குக் கட்டாயம் வந்து பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். இப்போது அவர்கள் வந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. வராமல் போய்விடுவார்களோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

தவமணி இருபது பேருக்குச் சமைத்தாள். அவர் செடிக்குச் செவ்வந்தி மாலை சாத்தி, வாசலில் வந்து உட்கார்ந்தார். சாரல் அடித்தது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தூரத்தில் குடை ஒன்று தெரிந்ததும் எழுந்து நின்றார். அது ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கண்டக்டர் உத்தியோகத்தில் ஆள் இல்லாமல் வண்டி எடுத்த நாள் அவருக்குக் கிடையாது. பன்னிரண்டு அடித்த பிறகும் ஒரு ஈ காக்கை வரவில்லை.

எழுந்து சமாதிக்குப் போனார். பூஜை செய்ய வேண்டுமே. கற்பூரத்தைக் கொளுத்தினார், சாரலில் அது அணைந்தது. மாலையைச் சரிசெய்யக் கை வைத்தபோது, பூக்களுக்குள்ளே பூவாக ஒன்று தெரிந்தது. இலைக்கு அடியில், அவர் விரலுக்குத் தப்பிய ஒரு மொட்டு விரிந்திருந்தது. நடுவில் மஞ்சள், சுற்றி ரோஸ்.

தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. பெரியவர் மயங்கினாரென்றால் சும்மாவா மயங்கினார்?

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ. தவமணி பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவளும் பூவைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" திரும்பாமலே கேட்டார்.

"முளைச்ச அன்னைக்கே."

"மொட்டைக் கிள்ளுனது?"

"அதுவும்தான்."

"பிடுங்கி எறிஞ்சிருக்கலாம்லா? ஒன்பது மாசம் பாத்துட்டுச் சும்மாவா இருந்தே? நான் இங்கன உக்காந்து பைத்தியக்காரனாட்டம் இதுகூடப் பேசிட்டுக் கிடந்தேனே!"

"நான் பிடுங்கியிருந்தா, உங்களுக்கு அது இன்னைக்கும் துளசியாவே இருந்திருக்கும் அண்ணாச்சி."

 கையை நீட்டி ஓர் இலையைப் பறித்தார். உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கினார். மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தார். பதினோரு வருஷமாகத் தினமும் தம் கையில் இருந்த வாடை. அதைவிட்டால் அவருக்குச் சொந்தமென்று வேறு ஒரு வாடையும் இல்லை.

"மம்பட்டி எங்கே?" என்றார்.

"கொண்டாந்திருக்கேன்."

மாலையைக் கழற்றிச் சமாதிமேல் வைத்தார். கூழாங்கல் வட்டத்தைக் கலைத்தார். நாலு விரல் தோண்டினார். சாரலில் மண் இளகித்தான் இருந்தது. முடிச்சுக்கு அடியில் வெட்ட ஓங்கியவர், ஓங்கினபடியே நின்றார். 

"பெரியவருக்குள்ள போயிருக்குமோ வேரு?"

"போயிருக்கும்" என்றாள் தவமணி.

வெட்டினார். செடியைத் தூக்கினார், பக்கத்துப் பாறைமேல் வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்தார். எப்போதும் மடியில் முடிந்து வைத்திருக்கும் புல்விதையை எடுத்துக் குழியில் தூவி, மண்ணை மூடிக் கையால் தட்டிவிட்டார். எல்லாம் பழகின வேலை, நொடியில் முடிந்துவிட்டது. முடிந்ததும் அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. அவ்வளவு வெறிச்சென்று இருந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதார். பெண்சாதி போனபோதுகூட அப்படி அழவில்லை. தவமணி பக்கத்தில் நின்றாள்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவளுக்கு முன்னால் எழுந்து நின்றார். மண் ஒட்டிய கை இரண்டும் தானாகக் குவிந்தன.

"அம்மா" என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொன்னார். இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, நானும் போயிருவேன். எனக்குன்னு அவர் ஒண்ணும் விட்டுட்டுப் போகலையா?"

தவமணி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே இருபது பேருக்கு வடித்த சோறு ஆவி அடங்கிக் கிடந்தது. முன்னால் வழக்கம்போல இரண்டு தட்டு.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சேந்து சாப்பிடுவோம்."

தெய்வசிகாமணி சரியென்று இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டார். ஓர் ஆடி மதியம். வாசல். மூடி வைத்த கஞ்சி.

மெல்லத் திரும்பினார். 

"இது... அன்னைக்கு..."

"ஆமா அண்ணாச்சி" என்றாள் தவமணி. "அன்னைக்கே சொன்னேன்."